மலைநதியும் கடற்படுகையும்

வெலிமடை வழியோடும் உமா ஓயா, மகாவலியிற் கலந்து, கொட்டியாரக் குடாவை அடைகிறது. ஆதலின், கடலடி வண்டல் யாருடையது என்னும் வாதம் மலைநாட்டு நேயர்களுக்கும் உரியதே.

1967இல் மால்ட்டாவின் ஆர்விட் பார்டோ, ஆழ்கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச்சொத்தென ஐக்கிய நாடுகள் சபையில் முழங்கினார். அதன்பின் கூடிய கடற்சட்ட மாநாட்டுக்கு, 1973 முதல் 1980இல் மறையும்வரை, இலங்கையரான ஷெர்லி அமரசிங்க தலைமை தாங்கினார். அம்மாநாட்டிலேயே நம் நாடு தனிச்சலுகையும் கோரிற்று: வங்கக் கடலில் வண்டற் படிவு ஒரு கிலோமீற்றர் தடிப்புள்ள இடம்வரை எல்லை வகுத்தல் வேண்டும். முரணே, சிறிய நாடு வேறென் செய்யும்? 1982ஆம் ஆண்டு இறுதிப் பத்திரத்தின் இணைப்பில் அது இடம்பெற்றது. 2009இல் கோரிக்கை ஐ.நா. ஆணைக்குழுவிடம் சமர்ப்பிக்கப்பட்டது.

2024இல் அயல்நாட்டு ஆய்வுக் கப்பல்களை ஓராண்டு தடுத்தபோது, அப்படுகையை இனி யார் அளப்பது என்ற வினா எழுந்தது.