பெட்டியில் அடைக்கப்பட்ட பருவம்

பருவம் என்னும் சொல் உழவனுக்கு ஒரு பொருளையும் வணிகனுக்கு வேறொரு பொருளையும் தருவது. உழவனுக்கு அது மழையும் விதைப்பும் அறுவடையும் ஆகும். அறுவடைக்கு முந்திய மாதங்களின் பசியும் ஆகும். வணிகனுக்கோ விலை ஏறும் காலம், விலை இறங்கும் காலம் என்ற கணக்கு மட்டுமே. இவ்விரண்டுக்கும் அப்பால், பருவத்தையே பண்டமாக்கிப் பெட்டியிலிட்டு விற்கும் மூன்றாவதொரு நிலையும் உண்டு. அதனைத் தெளிவுறக் காண விரும்புவோர் ஐக்கிய அமெரிக்காவின் காலையுணவுத் தானியப் பெட்டிகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஆண்டுதோறும் கோடை முடியுங்காலத்தில் அந்நாட்டுப் பேரங்காடிகளின் தட்டுகளிலே இரத்தக்காட்டேரியின் முகமும் ஆவியின் முகமும் தீட்டிய பெட்டிகள் தோன்றுகின்றன. ஒக்ரோபர் 31இல் ஹலோவீன் முடிந்ததும் அவை மறைகின்றன. பின்னர் சிவப்பும் பச்சையுமான நத்தார்ப் பெட்டிகள் வருகின்றன. வசந்தத்திலே உயிர்த்த ஞாயிற்றுக்கென வேறு பெட்டிகள். குறித்த காலத்துக்கு மட்டுமே கிடைக்கும் என்ற அறிவிப்பு அவற்றின் முகத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். சிறுபிள்ளைகள் பாலிலிட்டு உண்ணும் பண்டத்தைப் பற்றி இத்தகையதோர் ஏட்டிலே எழுதுவதா என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தேநீர்க் கோப்பையை ஒதுக்கிவிட்டு எம் மலையக மக்களின் வரலாற்றை எழுதவியலாது என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம்.

இப்பண்டத்தின் பிறப்பிடம் மருத்துவமனையாகும். 1863இல் நியூயோர்க் மாநிலத்து டான்ஸ்வில் என்னும் ஊரிலே ஜேம்ஸ் கேலப் ஜக்சன் என்னும் மருத்துவர் முழுக்கோதுமை மாவைச் சுட்டு நொறுக்கி 'கிரனூலா' என்ற பெயரில் நோயாளருக்கு அளித்தார். இரவெல்லாம் ஊறவைத்தாலன்றி அதனைக் கடிக்கவியலாது. மிச்சிகன் மாநிலத்துப் பற்றில் கிறீக் நகரில், ஏழாம் நாள் திருச்சபையினர் நிறுவிய சுகவாழ்வு நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஜோன் ஹார்வி கெலொக், புலாலையும் மதுவையும் காரத்தையும் விலக்கிய மெல்லுணவையே வேண்டி நின்றவர். 1894இல் அவரும் அவர் தம்பி வில் கீத் கெலொக்கும் வேகவைத்துப் பழையதாகிப்போன கோதுமைக் களியை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது அது சீவல் சீவலாக உதிர்ந்தது. அதன் பின்னரே சோளத்திலிருந்து சீவல் செய்யும் முறை உருவாயிற்று. அண்ணன் அதனை மருந்தாகக் கண்டார். தம்பி அதனைச் சரக்காகக் கண்டார். தம்பி அதிலே சர்க்கரை சேர்க்க விரும்பினார் என்பதும், சகோதரர் பிரிந்து நீதிமன்றம்வரை சென்றனர் என்பதும், 1906இல் தம்பி தனிக் கம்பனி தொடங்கினார் என்பதும் பலரறிந்த செய்திகள். அந்நிலையத்திலே நோயாளியாகத் தங்கிச் சென்ற சி. டபிள்யூ. போஸ்ற் என்பவர் அதற்கு முன்னரே போட்டிக் கம்பனி நிறுவிச் செல்வந்தராகியிருந்தார்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. இப்பண்டம் உலகுக்கு அளித்த முதற் பயன் பருவத்தை நீக்கியமையேயாம். இலையுதிர் காலத்தில் அறுவடையான சோளம் களஞ்சியத்திலே சேர்ந்து, ஆலையிலே சீவலாகி, பெட்டியிலே ஏறிவிட்டால் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வேறுபாடில்லை. அடுப்பு மூட்டாது, விடியுமுன் எழாது, ஆலைச் சங்கு ஊதுமுன் தாய் தன் பிள்ளைக்கு உணவிடலாம். இதனை முன்னேற்றமன்று எனக் கூறுவது பிற்போக்கான பேச்சாகும். பசி வரும் மாதம், பசி வராத மாதம் என்ற வேறுபாட்டை அழிக்கும் எந்த ஆலையையும் நாம் வெறுக்கவியலாது. வில் கீத் கெலொக்கின் ஆலையிலே 1930 டிசெம்பரில், பொருளாதார மந்தத்தின் நடுவே, எட்டுமணி நேர வேலைமுறைகள் மூன்றும் ஆறுமணி நேர முறைகள் நான்காக மாற்றப்பட்டு மேலும் பலருக்கு வேலை கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். முதலாளியின் தருமசிந்தனை என இதனைப் புகழ்வாரும் உளர். களைப்பற்ற தொழிலாளி விரைந்து வேலைசெய்வான் என்ற கணக்கும் அதிலிருந்தது. எவ்வாறாயினும் ஆறுமணி நேரம் தொழிலாளர்க்கு உவப்பாயிற்று. அவ்வுரிமையின் எச்சத்தைப் பெரும்பாலும் பெண்களான சில நூறு பேர் 1985வரை விடாது பற்றி நின்றனர்.

பருவத்தை அழித்த சரக்குக்கு ஓர் இடர் உண்டு. அது என்றும் கிடைக்கும். ஆதலின் எவரும் அதற்கு ஏங்கார். இரண்டாம் உலகப்போரின் பின்னர்ச் சந்தை நிறையத் தொடங்கியபோது கம்பனிகள் முதலிற் கண்ட வழி சர்க்கரை. அதனோடிணைந்த வழி குழந்தை. 1949இல் போஸ்ற் கம்பனியின் 'சுகர் கிறிஸ்ப்', 1952இல் கெலொக்கின் சர்க்கரை பூசிய சீவலும் அதன் புலிச்சின்னமும், 1953இல் எடையிற் பாதிக்கு மேல் சர்க்கரையே கொண்ட 'சுகர் ஸ்மக்ஸ்' என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த காலமும் அதுவே. காசு கையிலில்லாத, ஆயினும் தாயின் கைப்பையை அசைக்கவல்ல ஒரு வாடிக்கையாளனைக் கம்பனிகள் கண்டுகொண்டன.

பெயர்கள் பெருகின. 1950க்கும் 1972க்கும் இடையில் முன்னணிக் கம்பனிகள் ஆறும் 80க்கும் மேற்பட்ட புதுப்பெயர்களைச் சந்தையில் இறக்கின எனப் பொருளியல் அறிஞர் றிச்சர்ட் ஷ்மலென்சீ எழுதினார். சோளம், ஓற்ஸ், கோதுமை, அரிசி என்ற நான்கு தானியங்களுக்குள் 80 பெயர்கள்! 1972இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு கெலொக், ஜெனரல் மில்ஸ், ஜெனரல் பூட்ஸ், குவேக்கர் ஓற்ஸ் ஆகிய நான்கின் மீதும் வழக்குத் தொடுத்தது. இவை கூடிப் பேசிச் சதி செய்தன என்று அது கூறவில்லை. பெயர்களைப் பெருக்கித் தட்டுகளை நிறைத்தமையாற் புதியவன் நுழைவதற்கு இடமின்றிச் செய்தன, இதனாற் பகிர்ந்துகொண்ட ஏகபோகம் ஒன்று உருவாயிற்று என்பதே குற்றச்சாட்டு. ஏகபோகம் என்றால் ஒரே பொருள் ஒரே கடையிற் கிடைப்பது என எண்ணும் எம் மாணவர் இவ்வழக்கைக் கருத்தூன்றிப் படித்தல் நன்று. ஏகபோகம் நூறு முகங்களோடும் வரலாம். தட்டின் நீளம் வரையறைக்குட்பட்டது. அதனைக் கைக்கொண்டவன் சந்தையைக் கைக்கொள்கிறான். வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இழுபட்டு, றீகன் ஆட்சியின் தொடக்கத்திலே கைவிடப்பட்டது. 1978இல் அதே ஆணைக்குழு சிறுவரை நோக்கிய சர்க்கரைப் பண்ட விளம்பரங்களைத் தடுக்க முயன்றபோது, 1980இல் காங்கிரஸ் சட்டமியற்றி அம்முயற்சியின் வேரையே அறுத்தது.

பேய்கள் பிறந்தது இச்சூழலிலேதான். 1971இல் ஜெனரல் மில்ஸ் கம்பனி 'கவுண்ற் சொக்கியூலா', 'பிராங்கன் பெரி' என இரண்டு பெட்டிகளை வெளியிட்டது. முன்னது டிராகுலாவின் கேலியுருவம், சொக்கலேற் சுவை. பின்னது பிராங்கன்ஸ்ரைனின் கேலியுருவம், ஸ்ரோபெரிச் சுவை. சில ஆண்டுகளில் 'பூ பெரி' என்ற ஆவியும் சேர்ந்தது. பிராங்கன் பெரியின் சிவப்புச் சாயம் குடலிற் செரியாமல் வெளியேறியமையால், குருதிப் போக்கென ஐயுற்று ஒரு சிறுவனை மருத்துவமனையிற் சேர்த்த செய்தி 1972இல் குழந்தை மருத்துவ ஏடொன்றிலே கட்டுரையாக வெளிவந்தது. (இதனை வகுப்பிலே கூறி, அந்தப் பாடவேளை முழுவதையும் சிரிப்புக்குப் பறிகொடுத்த அனுபவம் எமக்குண்டு.) சிறுவனுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை.

இப்பேய்கள் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆண்டு முழுவதும் விற்கப்பட்டன என்பதை வாசகர் மறத்தலாகாது. ஜனவரியிலும் டிராகுலா இருந்தான், ஜூனிலும் இருந்தான். 2010 முதலே அவை ஹலோவீன் காலத்துக்கு மட்டும் எனக் குறுக்கப்பட்டன. ஆலை சுருங்கவில்லை, சோளம் பொய்க்கவில்லை, சாயம் தட்டுப்படவில்லை. என்றும் கிடைத்ததை இரண்டு மூன்று மாதங்கள் மட்டும் கிடைப்பதாக ஆக்கியமையே செய்த மாற்றம். அம்மாற்றத்தால், சிறுவயதில் அதனை உண்டு வளர்ந்து இன்று பெற்றோராகிவிட்டவர் பெட்டிகளை முந்திக்கொண்டு வாங்கிச் சேமிக்கத் தொடங்கினர். முன்னர் நிறுத்தப்பட்ட இரண்டு பேய்களும் மீட்கப்பட்டு, 2013இல் ஐந்தும் முதன்முறையாக ஒரே பருவத்தில் விற்கப்பட்டன. 2023இல் புதிய பேய் ஒன்று படைக்கப்பட்டது. பஞ்சத்தை ஒழித்த அதே தொழில், விற்பனைக்காக ஒரு பஞ்சத்தைத் தானே செய்துகொண்டது. ஸ்ரோபெரியும் புளூபெரியும் கோடையின் கனிகள் என்பதும், அவற்றின் பெயரிலான சுவை இலையுதிர் காலத்துக்கென ஒதுக்கப்பட்டிருப்பதும் இப்பருவத்துக்கும் மண்ணுக்கும் எவ்வளவு உறவுண்டு என்பதைக் காட்டும்.

இதற்கு வேண்டிய தொழில்நுட்பமும் எளியது. தானிய மாவை நீரும் சர்க்கரையும் கூட்டி வேகவைத்து, பேரழுத்தத்திலே அச்சுத்துளையூடாகத் தள்ளி வெட்டி உலர்த்துவர். பின்னர் சுழலும் உருளைக்கலத்திலிட்டு, பாகும் நிறமும் மணமும் தெளிப்பர். அச்சையும் தெளிக்கும் பாகையும் பெட்டியின் படத்தையும் மாற்றினால் பருவம் மாறிவிடும். புதியதோர் உணவைப் படைக்கும் செலவோ, தோல்வியுற்றால் வரும் நட்டமோ இதிலே மிகக் குறைவு. அது விற்பனையாகாவிடினும் பருவம் முடிந்துவிட்டது என்ற சாக்கு முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்கர் பலர் காலையிற் பெட்டித் தானியத்தைக் கைவிடத் தொடங்கியபோது கம்பனிகள் இவ்வழியை மேலும் மேலும் நாடியமை வியப்பன்று. 2019இல் கெலொக் கம்பனி உயிர்த்த ஞாயிற்று இனிப்பொன்றின் பெயராலேயே ஒரு பெட்டியை வெளியிட்டது.

'பூசணி மசாலா' என்பது இவ்வகையில் அண்மைக்கால அரசன். 1934இல் மக்கோமிக் கம்பனி பூசணிப் பணியாரத்துக்கென அரைத்து விற்ற மசாலாவில் பூசணி இல்லை. கறுவாவும் இஞ்சியும் சாதிக்காயும் அவை போன்றனவும் உள்ளன. 2003இல் ஸ்ரார்பக்ஸ் கோப்பிக்கடைகள் அம்மணத்தைப் பாற்கோப்பியிற் சேர்த்து இலையுதிர் காலத்தின் அடையாளமாக்கின. 2016இல் அது 'சீரியோஸ்' பெட்டிக்குள்ளும் புகுந்தது. இவ்விடத்தே இலங்கையராகிய எமக்கு ஒரு சொல் உண்டு. கறுவாவுக்கு உண்மையாகவே பருவமுண்டு. காலி, மாத்தறை மாவட்டங்களின் தோட்டங்களிலே மழை பெய்து தண்டில் நீரோட்டம் மிகுந்து, பட்டை மரத்தை விட்டுக் கழலும் வேளையிலேயே அதனை உரிக்கவியலும். விடியலில் வெட்டிய கொம்பை அன்றே சுரண்டி உரிக்காவிடிற் பட்டை இறுகிவிடும். பெரும்பாலும் பங்குமுறையிலே ஊதியம் பெறும் அவ்வுரிப்போர்க்கு மழை பிந்தினால் அடுப்பும் பிந்தும். ஆயினும் அமெரிக்கர் கறுவா என்று உண்பது பெரும்பாலும் எமது கறுவாவன்று. இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து செல்லும் கசியாப் பட்டையாகும். சுமாத்திராவின் மலைச்சரிவிலே அதனை உரிக்கும் கைகளும் பெட்டியின் மேல் வரையப்படுவதில்லை. அங்கே வரையப்படுவது ஒரு பூசணிக்காய்.

மழைக்குக் காத்திருக்கும் இக்கைகளைப் போலவே ஆலைக்குள் உள்ள கைகளும் மறைக்கப்பட்டவையே. 2021 ஒக்ரோபர் 5இல் கெலொக் கம்பனியின் பற்றில் கிறீக், ஒமாஹா, லங்காஸ்ரர், மெம்பிஸ் ஆகிய நான்கு ஆலைகளிலே ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரே இயந்திரத்தின் முன் நிற்கும் பழைய தொழிலாளிக்கு ஒரு கூலி, புதிய தொழிலாளிக்குக் குறைந்த கூலி என்ற இரட்டைமுறையை எதிர்த்தமையே அதன் மையம். வாரத்தின் ஏழு நாளும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதற் பதினாறு மணி நேரமும் கட்டாய வேலை வாங்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். இது நடந்தது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆறுமணி நேர வேலை மலர்ந்த அதே பற்றில் கிறீக் நகரில்! நிறுத்தம் செய்தோரை நீக்கி நிரந்தரமாகப் புதியோரை அமர்த்தப்போவதாகக் கம்பனி அறிவித்தபோது, ஜனாதிபதி பைடனே வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது. நத்தாருக்கு நான்கு நாள் முன்னதாக, டிசெம்பர் 21இல், புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டு நிறுத்தம் முடிவுற்றது. அப்போராட்டம் நடந்த பதினொரு வாரத்துக்குள் ஹலோவீன் வந்து போயிற்று. நன்றிசெலுத்தும் திருநாளும் வந்து போயிற்று. ஆலைவாசலில் மறியல் நின்றவர்க்கு அவை குளிர் ஏறிய நாட்கள்.

இந்த வரலாற்றை உயர்தர வகுப்பிலே ஒருமுறை எடுத்துரைத்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், நவம்பர் பிறந்தால் அந்தப் பேய்கள் எங்கே போகும்?" என வினவினாள். விற்றது போக எஞ்சியவற்றை விலைகுறைத்துத் தள்ளிவிடுவார்கள், ஆலையிலே உருளைக்கலத்தைக் கழுவி அடுத்த பருவத்தின் பாகை ஊற்றுவார்கள் என விடையிறுத்தோம். கழுவுபவருக்கும் அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்பது அவளுடைய இரண்டாவது வினா. கெலொக்கின் தானியப்பகுதி 2023இல் தனிக் கம்பனியாகப் பிரிக்கப்பட்டது. 2025இல் இத்தாலியச் சொக்கலேற் கம்பனியான பெரேறோ அதனை வாங்கிற்று. அதற்கு முன்னர், 2024 ஓகஸ்றிலேயே, ஒமாஹா ஆலையைப் படிப்படியாகச் சுருக்கி 2026இன் முடிவோடு மூடிவிடப்போவதாக அக்கம்பனி அறிவித்திருந்தது. 2021இல் மறியல் நின்ற நான்கு ஆலைகளுள் ஒமாஹாவும் ஒன்று.