இரு செவிகளைப் பிரித்த வரலாறு

மனிதன் இரு செவிகளாற் கேட்கின்றான். எனினும் அவன் உணர்வது ஓர் ஒலியுலகையே. இரு செவிகளும் பெறும் ஒலிகள் எங்கே ஒன்றுகூடுகின்றன? இவ்வினாவுக்கு விடைகாண விழைவோர், ஒரு செவிக்குரிய ஒலி மறுசெவிக்குக் கசியாது முதலில் தடுத்தல் வேண்டும். செவிப்புல ஆய்வின் வரலாறு ஒருவகையில் இத்தடுப்பின் வரலாறேயாகும்.

1839 இல் ஜேர்மானியப் பௌதிகவியலாளர் ஹைன்றிச் வில்ஹெல்ம் டோவே, மீடிறனிற் சிறிதே வேறுபட்ட இரு இசைக்கவர்களின் ஒலியைச் செவிக்கொன்றாகச் செலுத்தியபோதும் அடிப்புகள் கேட்பதைக் கண்டார். இரு அலைகள் கலக்குமிடத்தே அடிப்புத் தோன்றும். இங்கு அவை கலந்தது மூளையிலா, அன்றி மண்டையோட்டு என்பின் வழியே ஓரொலி மறுபக்கம் சென்றமையாலா? 1877 இல் ஆங்கிலேயரான சில்வானஸ் தொம்சன் குழாய்கள் மூலம் ஒலிகளைத் தனித்தனியே செவிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். காற்றுவழி அடைபட்டது, என்புவழி அடைபடவில்லை.

பின்வந்த ஹெட்போனும் இக்குறையை முற்றாக நீக்கவில்லை. செவிமடலின் மேல் அமரும் ஹெட்போனின் ஒலி, ஏறத்தாழ 40 தெசிபெல் குறைந்த நிலையில் மறுசெவியை எட்டக்கூடும். அதாவது, ஒலியமுக்கத்தில் நூறிலொரு பங்கு கசிகின்றது. முற்றாகக் கேளாத செவியொன்றைச் சோதிக்கையில், உரத்த ஒலியை நற்செவி கேட்டுவிட, கேளாச்செவியும் கேட்பதாகப் பிழையான முடிவு எழுதப்படலாம். ஆதலின் நற்செவிக்கு இரைச்சலூட்டி அதனை மறைக்கும் முறை மருத்துவத்தில் நிலைபெற்றது. 1953 இல் ஸ்விஸ்லொக்கி செவிகளுக்கிடையிலான ஒலிக்குறைவை ஆராய்ந்தார். என்பை அதிரச்செய்யும் பரப்பைச் சுருக்கினாற் கசிவும் சுருங்கும். 1980களிற் பரவிய, செவிக்கால்வாயினுள் ஆழச் செருகும் கருவிகளின் பயன் இதுவே.

கசிவுக்கு மின்வழியும் உண்டு. வழக்கமான மூன்று தொடுகைச் செருகியில் இரு பக்கங்களுக்கும் திரும்பு கம்பி பொதுவானது. அதன் தடை 0.1 ஓம், ஹெட்போனின் தடை 32 ஓம் எனின், ஒரு பக்கத்து அழுத்தத்தின் ஏறத்தாழ 320 இல் ஒரு பங்கு மறுபக்கத்தில் தோன்றும். இது 50 தெசிபெல் வேறுபாடாகும். ஹெட்போனின் தடை 600 ஓமாயின் வேறுபாடு ஏறத்தாழ 75 தெசிபெலாகும். திரும்பு கம்பிகளை விரியலாக்கி வரை தனித்தனியே அமைப்பின் இவ்வழி பெரிதும் அடைபடும்.

டோவேயின் வினாவுக்குத் தெளிவான விடை 1950 இல் லிக்லைடரும் துணைவரும் செய்த ஆய்வாற் கிட்டியது. இருசெவி அடிப்பு ஏறத்தாழ 1000 ஹேர்ட்சுக்கு மேற் கேட்பதில்லை. என்பிற் கலந்து எழும் அடிப்புக்கு அத்தகைய எல்லையில்லை. எனவே கலப்பு நரம்பு மண்டலத்திலேயே நிகழ்கின்றது.

மூளையின் செயலையும் கருவியின் குறையையும் வேறுபடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. ஒலியை அளப்பதோடு அமையாது, மறுசெவியின் அமைதியையும் அளந்தறிதல் ஆய்வாளன் கடனாம்.