துணைக்கு ஒரு சொல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துப் பிரதேச செயலகங்களில் ‘உளவளத்துணை’ என்றொரு பிரிவு உண்டு. காணிப் பிரச்சினைக்கும் அரச உதவிக்கும் வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அந்தப் பலகையைப் படித்தால் சற்று நின்றுதான் போவார். அங்கே கவுன்சிலிங்குக்கு ஆலோசனை என்பார்கள், ஆற்றுப்படுத்துதல் என்பார்கள். உளவளத்துணை என்ற சொல் அங்கே அதிகம் புழக்கத்தில் இல்லை.

எங்கள் கிழக்குக் கரையில் ஆலோசனைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. வாப்பா சொல்வார், மாமி சொல்வா, பள்ளிவாசல் மரைக்கார் சொல்வார், தேத்தண்ணிக் கடையில் பக்கத்து மேசைக்காரரும் கேட்காமலே சொல்வார். கவுன்சிலிங் என்பது ஆலோசனைதான் என்றால் அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

குழப்பம் ஆங்கிலத்திலேயே இருந்தது. 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் திறந்த நிலையம், இளைஞருக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று சொல்லிக் கொடுத்தது. அது முழுக்க ஆலோசனைதான். 1942இல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் கவுன்சிலிங் என்ற அதே சொல்லைத் தன் புத்தகத் தலைப்பில் வைத்தார். உளச்சிகிச்சை தங்களுக்கே உரியது என்று அமெரிக்க மருத்துவர்கள் வேலி போட்டிருந்த காலம் அது. உளவியலாளருக்கு ஒதுங்க நிழல் கொடுத்தது கவுன்சிலிங் என்ற சொல். ஆனால் ரோஜர்ஸ் சொன்னது நேர் எதிரான விஷயம்: புத்தி சொல்லாதே, கேள், வந்தவர் தன் வழியைத் தானே கண்டுபிடிப்பார். அறிவுரையைக் குறித்த சொல், அறிவுரை சொல்லாத வேலைக்குப் பெயராகிவிட்டது. அதை நேரே தமிழாக்கினால் பழைய அர்த்தம்தான் திரும்பி வரும்.

இலங்கைத் தமிழ் ஆலோசனை என்ற சொல்லையே விட்டுவிட்டு உளம், வளம், துணை என்று மூன்றைக் கோத்தது. சீர்மியம் என்றும் ஒரு சொல் ஓடிப் பார்த்தது. அதில் யாரையோ திருத்தப்போகிற வாடை அடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. துணை வேறு மாதிரி. ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குத் துணைக்கு நிற்கிறவர் மருந்து கொடுப்பதில்லை, புத்தியும் சொல்வதில்லை. இரவு முழுக்கப் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கொழும்பில் 1974இலேயே சுமித்ராயோ என்ற துணைநிற்கும் அமைப்பு தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் வந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போரின் மனவடுக்களை எழுதினார்கள். எங்கள் கரைக்கு இந்த வேலை பெருமளவில் வந்தது கடலோடுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, சுனாமி. இலங்கையில் இறந்தவர்கள் சுமார் 35,000 பேர். அதில் 10,000க்கும் மேல் அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையை ஒட்டிய தெருக்கள் முழுசாகப் போயின. பின்னாலேயே வந்தன உதவி நிறுவனங்களின் வாகனங்கள். அவற்றில் வந்தவர்கள் சிலரிடம் ‘டிப்ரீபிங்’ என்ற முறை இருந்தது: நடந்ததை உடனே, ஒரே அமர்வில் சொல்லிக் கொட்ட வைப்பது. அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இலேயே சொல்லியிருந்தது. அவர்கள் கையில் இருந்த பி.டி.எஸ்.டி. என்ற நோய்ப் பெயரும் வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிய ஒன்று. இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறொன்றைக் கவனித்தார். இங்குள்ளவர்கள் தங்கள் பாதிப்பை மனதுக்குள் ஓடும் அறிகுறியாகச் சொல்வதைவிட, அறுந்துபோன உறவாகவே சொன்னார்கள்.

அந்த அறுப்பு எங்கள் பக்கத்தில் எப்படி என்று பாருங்கள். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ராத்தாவும் தங்கச்சியும் உம்மாவும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். ஒருத்தி அழுதால் மற்றவளுக்கு வேலி வழியே கேட்கும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சட்டம் வந்தது. உயிர் தப்பிய சகோதரிகள் ஒருத்தி ஒரு வீட்டுத் திட்டத்துக்கும் மற்றவள் இன்னொரு திட்டத்துக்கும் போனால், பேசித் தீர்த்துக்கொண்ட வேலி போய்விடும். கலியாணமாகாத குமர் உள்ள, வீடு போன வாப்பாவுக்கோ, மகளுக்குக் கொடுக்க இருந்ததே போய்விட்டது. எந்த அமர்வில் அதைச் சொல்லிக் கொட்டுவது?

இத்தாவும் அப்படித்தான். புருசன் மௌத்தானால் மனைவி 4 மாதமும் 10 நாளும் இத்தா இருக்க வேண்டும். பிற ஆண்கள் முன் வர மாட்டாள். சுனாமி முகாமின் கூடாரத்தில் அதை எப்படி இருப்பது? ஆண் கவுன்சிலர் எப்படிப் போய்ப் பேசுவது? புருசனின் மையத்து, அந்த உடலே கிடைக்காதவளின் நிலை இன்னும் கஷ்டம். இத்தா எப்போது தொடங்குகிறது? கத்தம் ஓதலாமா? பாலின் பாஸ் என்ற அமெரிக்கர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் மௌலவியிடம் இருந்தது. அவளோடு அவரிடம் போய்வருவதும் உளவளத்துணைதான்.

2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து போட்ட வழிகாட்டி ஏறக்குறைய இதையே கோபுரமாக வரைந்தது: அடியில் தண்ணீர், கூரை, பாதுகாப்பு, அதன் மேல் குடும்பமும் ஊரும், நுனியில்தான் நிபுணர். வெளியிலிருந்து வந்த சிகிச்சை முறைகளும் வீண் போகவில்லை. வடகிழக்கில் சுனாமி பார்த்த 31 பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் கதையை வரிசையாகச் சொல்லும் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியுமாக ஆறு ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர்கள்.

பலகையில் உளவளத்துணை என்றிருந்தாலும் சனம் கவுன்சிலிங் என்றுதான் சொல்கிறது. முதலில் ஓதிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. உள்ளே வந்து உட்கார்ந்த பெண்ணிடம் மன அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். “என்ன ராத்தா, கனக்க யோசிக்கிறீங்களா?” என்று கேட்க வேண்டும்.