கூப்பிட்டாதான் ஆட்டம்: ஊட்டி கிளப்பிலிருந்து தோஹா வரை

பூல் ஆட்டத்துல ‘வேர்ல்ட் பூல் மாஸ்டர்ஸ்’னு ஒரு போட்டி இருக்கு. 1993-ல ஆரம்பிச்சது. இது இன்விடேஷனல் போட்டி, அதாவது அமைப்பாளர்கள் கூப்பிட்ட ப்ரொஃபஷனல் வீரர்கள் ஆடுற போட்டி. ஸ்னூக்கர்ல இதுக்கு அண்ணன் மாதிரி, 1975-ல லண்டன்ல தொடங்கின ‘மாஸ்டர்ஸ்’. இன்னைக்கு அதுக்கு உலகத் தரவரிசையில முதல் 16 பேருக்குத்தான் அழைப்பு.

“திறமை இருக்கு, கூப்பிடுறாங்க. இதுல என்ன கதை?”ன்னு கேட்கலாம். கதை என்னன்னா, ஸ்னூக்கரே அழைப்பு இல்லாம உள்ளே போக முடியாத ஒரு ரூம்லதான் வளர்ந்தது. அந்த ரூம் நம்ம ஊட்டியில இருக்கு.

1875, ஜபல்பூர். மழைக்காலம். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு பில்லியர்ட்ஸ் டேபிள்தான் பொழுதுபோக்கு. பந்தயம் கட்டி ‘பிளாக் பூல்’ ஆடுவாங்க. அதுல நெவில் சேம்பர்லெய்ன்னு ஒரு இளம் அதிகாரி (பின்னாடி பிரதமரானவர் இல்லை, இவர் வேற) இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்தார். ராணுவப் பயிற்சிப் பள்ளியில புதுசா சேர்ந்தவனை ‘ஸ்னூக்கர்’னு கிண்டல் பண்ணுவாங்களாம். சுலபமான பந்தை விட்ட ஒருத்தரை இவர் அப்படிக் கூப்பிட, அதுவே ஆட்டத்தோட பேராயிடுச்சு. இது சேம்பர்லெய்னே 1938-ல எழுதிச் சொன்ன கதை.

1881-ல ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ் மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியா வந்தார். அவரோட அலுவலர் குழுவுல சேம்பர்லெய்னும் இருந்தார். கோடை வந்தா எல்லாரும் ஊட்டிக்குப் போயிடுவாங்க. அங்கே ஊட்டி கிளப்போட பில்லியர்ட்ஸ் ரூம்லதான் 1882 வாக்குல விதிகளை எழுதி மாட்டினாங்க. 1885-ல இங்கிலாந்து சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்து, சேம்பர்லெய்ன்கிட்ட ஆட்டத்தைக் கேட்டுக்கிட்டுப் போனார். 1927-ல முதல் ப்ரொஃபஷனல் உலக சாம்பியன்ஷிப். ஜோ டேவிஸ் ஜெயிச்சார்.

இப்போ அந்த ரூமுக்குத் திரும்பிப் போவோம். அந்தக் காலத்துல இந்த மாதிரி கிளப்கள்ல உறுப்பினர் ஆகணும்னா வெள்ளைக்காரரா இருக்கணும். மெட்ராஸ்ல 1873-லேயே காஸ்மோபாலிட்டன் கிளப் உருவானதுக்கு, இந்தியர்களுக்கு வேற இடம் இல்லாததும் ஒரு காரணம். பில்லியர்ட்ஸ் ரூம்ல இருந்த இந்தியர் பெரும்பாலும் ‘மார்க்கர்’தான். ஸ்கோர் எண்ணுவார், பந்தை எடுத்து வைப்பார். ஆட்டத்தோட நெளிவுசுளிவு அத்தனையும் தெரியும், ஆனா அழைப்பு கிடையாது.

இன்னைக்கு அந்த போர்டு இல்ல. ஆனா டேபிள் இருக்கு. முழு ஸ்னூக்கர் டேபிள் 12 அடி நீளம், 6 அடி அகலம், துணிக்கு அடியில ஸ்லேட் கல், ஒரு டன்னுக்கு மேல எடை. அதுக்குத் தனி ஹால் வேணும். கேரம் போர்டுக்கு ரெண்டரை அடி இடம் போதும். திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ ஒரு தெரு மன்றத்துல நாலு ஸ்டூல், கொஞ்சம் பவுடர் இருந்தா ஆட்டம் ரெடி. ரெண்டுமே காயைக் குழியில தள்ளுற ஆட்டம்தான். கேரம்ல சென்னையிலிருந்து மரிய இருதயம் உலக சாம்பியன் ஆனார், அர்ஜுனா விருது வாங்கினார். ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-ல அமெரிக்காவுல மூணு தங்கம் அடிச்சாங்க. தெருவுலேயே போர்டு இருந்தா யார் வேணா வரலாம்.

ஸ்னூக்கரும் மெதுவா அந்தப் பக்கம் நகருது. 2025 நவம்பர்ல, தோஹாவுல, சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கோட இங் ஆன் யீயை 3-2ன்னு ஜெயிச்சு ஐ.பி.எஸ்.எஃப். உலகப் பட்டத்தை எடுத்தாங்க. விதி எழுதின மாநிலத்துக்கு அந்தப் பட்டம் வந்து சேர 140 வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

அதனால அடுத்த தடவை யாராவது “இந்த 16 பேர்தான் உலகத்துலேயே பெஸ்ட்”னு சொன்னா, ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கோங்க: டேபிள் கிடைச்சவங்கள்ல பெஸ்ட். விழுப்புரம் மாதிரி ஊர்ல பொதுவா ஒரு டேபிள் போட்டு, ஸ்கூல் முடிஞ்சு வர்ற பசங்க கையில க்யூ குச்சியைக் கொடுத்துப் பார்த்தாதான் மிச்சம் யார் யார்னு தெரியும்.