இல்லத்துப் பீரும் ஆலைப் பீரும்

இடைக்கால இங்கிலாந்தின் வரலாற்றைப் பயிலுங்கால் ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அந்நாளில் வாற்கோதுமையை ஊறவைத்துப் பீர் காய்ச்சியோர் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிரே. நொதித்தலின் மறைபொருளை எவரும் அறியாமையால், ஒருமுறை சுவைத்தது மறுமுறை புளித்துப்போகும்.

பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என 1876இல் பாஸ்டர் தம் நூலில் விளக்கினார். 1883இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் தூய ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தார். அதன்பின் ஆலைப் பீர் மாறாத சுவை பெற்றது. இல்லத்தில் காய்ச்சுவோருக்கோ 1880இல் பிரிட்டனில் உரிமக் கட்டுப்பாடு வந்தது. 1963இல்தான் அது நீங்கிற்று.

இன்று அவர்களும் பெரும்பாலும் தூய ஈஸ்ட்டையே நாடுகின்றனர். இல்லம் ஆலைக்குத் தொழிலை ஈந்தது; ஆலை இல்லத்திற்கு அறிவை ஈந்தது. முதலில் ஈந்த பெண்டிருள் பெரும்பாலோரின் பெயரை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அதுவே என் மனக்குறை.