கண்ணாடியா, குட்டித் திரையா?

எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் எடுப்பவர், தான் பதிவு செய்த அந்தக் கணத்தை மட்டும் பார்ப்பதே இல்லை! வேடிக்கையாக இருந்தாலும் உண்மை இதுதான். லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடி, ஒளியை மேலே திருப்பி வ்யூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் அது எழும்பி ஃபிலிமுக்கு வழிவிடுகிறது. அந்த நேரத்தில் கண்ணுக்கு இருட்டுதான்.

1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இஹாகீ நிறுவனம் கொண்டுவந்த கினே எக்ஸாக்டா, 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராக்களின் முன்னோடி. அதை வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். பிம்பமோ இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் ஓடும் குழந்தை உள்ளே இடப்பக்கம் ஓடும். (எடுப்பவர் பாடு திண்டாட்டம்தான்.) 1949இல் அதே டிரெஸ்டனில் இருந்து வந்த காண்டாக்ஸ் எஸ், பென்டாபிரிஸம் என்ற ஐங்கோணக் கண்ணாடிப் பட்டகத்தைத் தலையில் வைத்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனாலும் அக்காலக் கேமராக்கள் பலவற்றில் ஃபிலிமைச் சுற்றும்வரை இருட்டு விலகாது. எழும்பிய கண்ணாடி உடனே கீழிறங்கும் வசதியை 1954இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் தன் கேமராவில் தந்தது. 1959இல் நிகான் எஃப் வந்தபின் பத்திரிகைப் படக்காரர்களின் கழுத்தில் எஸ்.எல்.ஆர். நிரந்தரமாகத் தொங்க ஆரம்பித்தது.

எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் வேறு வழி. சென்சாரில் விழுவதையே ஒரு குட்டித் திரையில் காட்டும். படம் வெளுக்குமா, கறுக்குமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். வசதிதான், ஆனால் ஆரம்பகாலத் திரைகள் பரிதாபம். 2001இல் வந்த மினோல்டா டிமாஜ் 7, வெளிச்சம் குறைந்தால் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும்! 2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியையே தூக்கி எறிந்தது. 14.4 லட்சம் புள்ளிகள் கொண்ட அதன் திரை சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால், கண்ணைச் சட்டென்று திருப்பினால் வானவில் சிதறியது.

இதில் கானனும் நிகானும் ஏன் முந்தவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிகான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். கண்ணாடி எழும்ப அந்த இடம் வேண்டும். அரை நூற்றாண்டாக விற்ற லென்ஸ்கள் எல்லாம் அந்தத் தூரத்துக்கே செய்யப்பட்டவை. கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருப்பவர் புது அளவுகோலை விரும்புவாரா? பானசோனிக்குக்கு அந்தப் பாரம் இல்லை. கானன், நிகான் இரண்டும் சின்னச் சின்ன முயற்சிகளுக்குப் பிறகு, 2018இல்தான் 35 மி.மீ. அளவுச் சென்சாருடன் கண்ணாடியில்லாக் கேமராவைக் கொண்டுவந்தன. நிகானின் புதிய தூரம் 16 மி.மீ.

அதற்கு முந்தைய ஆண்டே, 2017இல், சோனி ஏ9 பழைய இருட்டைப் போக்கிவிட்டது. நொடிக்கு 20 படம் எடுக்கும்போதும் திரையில் காட்சி அறுபடாது. ஆனால் சென்சார் படித்துத் திரைக்கு அனுப்ப ஒரு கணம் ஆகத்தான் செய்யும். எத்தனை குறைத்தாலும் திரையில் தெரிவது நடந்து முடிந்ததுதான். கண்ணாடியில் அந்தத் தாமதம் கிடையாது. இருட்டு விழும்வரை அது காட்டுவது நிகழ்காலம். 

2021இல் வந்த நிகான் இசட்9 கேமராவில் கண்ணாடியும் இல்லை, இயந்திர ஷட்டரும் இல்லை. பழகிய காதுகளுக்காக 'க்ளிக்' சத்தத்தை மட்டும் உள்ளேயிருக்கும் ஸ்பீக்கர் போட்டுக் காட்டுகிறது.