வெம்பக்கோட்டையிலிருந்து கிளம்பிய ஓர் எண்

அந்த எண்ணுக்குப் 16 இலக்கம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எமிஸ் நம்பர் என்பார்கள். 2012-13 வாக்கில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுக்கத் தொடங்கியபோது, வெம்பக்கோட்டை ஒன்றியத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படித்த பெண்பிள்ளைக்கும் ஒன்று வந்தது. அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் ஆசிரியர் எழுதி வாங்கிக் கணினியில் ஏற்றினார். எண் கிடைத்த சேதி பிள்ளைக்குத் தெரியாது. அவள் யாராகவும் இருக்கலாம். 2022இல் பிளஸ் டூ முடித்த அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாருடைய எண்ணும் போன வழிதான் இது.

வெம்பக்கோட்டை என்றால் இப்போது வெளியூர்க்காரர்களுக்கு அகழாய்வு நினைவுக்கு வரும். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தோண்டி, சங்கு வளையலும் கண்ணாடி மணியும் எடுத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பட்டாசு ஒன்றியம். தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று எந்தப் பக்கம் போனாலும் ஆலை. விடிந்ததும் ஆலை வேன் வந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு போகும். இங்கே பிள்ளைகளைக் கணக்கெடுப்பது புதிதல்ல. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கு வேறு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் எண்ணினார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும் என்றது. நம் பிள்ளையின் அம்மா அப்போது பள்ளிக்கூட வயதில் இருந்திருப்பாள். அம்மா இடம்பெறக்கூடிய பட்டியல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுடையது. மகள் இடம்பெற்ற பட்டியல் படிக்கும் பிள்ளைகளுடையது. ஒரு தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எண் பள்ளி விட்டுப் பள்ளி போகும். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேரும்போது, பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை எமிஸ் வழியாகவே அச்செடுத்துக் கொடுக்கிறது. அந்த நொடியில் பிள்ளையின் பதிவு ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதுப் பள்ளி அங்கிருந்து அதை இழுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான எண்கள் சில நாள், சில வாரம் அங்கே தங்கிவிட்டுப் போய்விடும். யாரும் வந்து இழுக்காமல் மாதக்கணக்கில் கிடக்கிற எண்தான் கவலைக்குரியது. குடும்பம் வெளியூர் போயிருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், வேலைக்குப் போயிருக்கலாம். இடைநின்ற பிள்ளைகளைத் தேடிப் போகிற ஆசிரியர்கள் கையில் வைத்திருப்பது இந்தத் தொகுப்பிலிருந்து எடுத்த பட்டியலைத்தான். திரையில் வெறும் வரிசையாகத் தெரிவதற்குப் பின்னால் பூட்டிய வீடோ, ஆலைக்குக் கிளம்பிய பிள்ளையோ இருக்கும்.

நம் எண் தப்பியது. 2015-16இல் ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி. 2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்காமல் எல்லாரும் தேர்ச்சி. பிளஸ் ஒன் பாதி வீட்டில், பாதி செல்போனில். 2022 மே மாதம் பிளஸ் டூ தேர்வு, ஜூனில் முடிவு.

முன்பெல்லாம் எண்ணின் ஆயுள் இங்கே முடிந்துவிடும். பள்ளிக் கல்வித்துறையின் கணக்கு பிளஸ் டூவோடு சரி. வெம்பக்கோட்டை இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குப் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் பெருமையான விஷயம். 2018இல் 97.05 சதவீதம், 2023இல் 97.85 சதவீதம், இரண்டு தடவையும் மாநிலத்தில் முதலிடம். அதே விருதுநகர், 2018இல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டு மாவட்டங்களில் ஒன்று. இன்னொன்று ராமநாதபுரம். அந்தத் திட்டத்தின் மதிப்பெண்ணில் கல்விக்கு 30 சதவீத எடை உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் பார்ப்பது பள்ளிப் படிப்பும் பள்ளியின் கழிப்பறை, குடிநீர், மின்சாரமும்தான். தேர்ச்சி பெற்ற பிள்ளை கல்லூரிக்குப் போனதா, போனால் முடித்ததா என்று கேட்கிற கட்டம் அந்தப் பலகையில் இல்லை. ஒரு பக்கம் முதலிடம், மறுபக்கம் பின்தங்கிய மாவட்டம். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

அந்த இடைவெளியை அரசே 2022 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் எண்ணாகச் சொன்னது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 46 சதவீதம்தான் என்றார் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். 1989 முதல் இருந்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் தந்த பணம் படிப்புக்குத் திரும்பியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒருவரின் பெயருக்கு இதுதான் பொருத்தம் என்பேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் தொடக்கவிழா நடந்தது.

இங்கேதான் எண்ணுக்கு மறுவாழ்வு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்பதற்கு யார் சாட்சி? பழைய பள்ளிகளுக்கெல்லாம் நடந்து தலைமையாசிரியர் கையெழுத்து வாங்க வேண்டியதை அந்த 16 இலக்கம் சொல்லிவிடுகிறது. கல்லூரி அலுவலகத்தில், முதல் வருஷச் சேர்க்கை நேரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி “எமிஸ் நம்பர் இருக்காம்மா?”. அடுத்தது ஆதார். அதற்கடுத்தது வங்கிப் புத்தகம். சிக்கலும் அதே மேசையில்தான். மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கணக்கு இருக்கும், ஆதாரோடு இணைந்திருக்காது. இணைத்தாலும் பணம் வேறொரு பழைய கணக்குக்குப் போகும். தகுதி முழுக்க இருந்தும் ஓர் எழுத்துக்காகச் சில மாதங்கள் காசு வராமல் நிற்பது, கல்லூரிப் பக்கம் விசாரித்தால் எல்லாரும் சொல்கிற கதை. பின்னால் கல்லூரிகளுக்கென்று யூமிஸ் என்ற தனி அமைப்பு வந்தது. பள்ளி எண் அதில் கல்லூரி எண்ணோடு கைகோத்துக்கொண்டது. ஒரு பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் ஒரே கோட்டில் பார்க்கிற வசதி அதற்கு முன் தமிழ்நாட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

அந்த வசதியை வைத்து என்ன பார்த்தோம்? அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கை, முதலாமாண்டில் சேர்ந்த மாணவிகள் 20,477 பேர் கூடியிருக்கிறார்கள், 29 சதவீத உயர்வு என்றது. நல்ல சேதி. ஆனால் எதோடு ஒப்பிட்டு 29? முந்தைய 2021, பிளஸ் டூ தேர்வே இல்லாமல் எல்லாரும் தேர்ச்சி பெற்ற வருஷம். கல்லூரிக்குப் போகத் தகுதியானவர்கள் அந்த வருஷம் அதிகம், அதனால் 2022இன் உயர்வு இன்னும் பெரிது என்று வாதிடலாம். கொரோனாவில் வீடே முடங்கிக் கிடந்த வருஷம், அடுத்த வருஷம் எப்படியும் கூடியிருக்கும் என்றும் வாதிடலாம். முந்தைய வருஷத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இந்த வழக்கு தீராது.

ஒப்பிட வேறு ஆள்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். அதே பள்ளியில், அதே பெஞ்சு வரிசையில் படித்த பையன்களுக்கு 2022இல் ஆயிரம் ரூபாய் கிடையாது. தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது 2024 ஆகஸ்ட் 9 அன்று, கோவையில். அதே தெருவில் அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போன பெண்பிள்ளைக்கும் கிடையாது. தமிழ்வழியில் படித்த அவர்களுக்குப் புதுமைப் பெண் விரிவானது 2024 டிசம்பர் 30, தூத்துக்குடியில். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் உதவிபெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால், ஒரே தெருவில் ஒருத்திக்குப் பணம், இன்னொருத்திக்கு இல்லை என்பது இரண்டு வருஷம் நடந்தது. அவர்களுக்கு அது இழப்பு. ஆராய்கிறவர்களுக்கு, இனி கிடைக்காத ஒப்பீடு.

பையன்களோடு மட்டும் ஒப்பிட்டாலும் போதாது. 2021 மே மாதம் தொடங்கிப் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். பெண்பிள்ளைகள் கூடச் சேர்ந்தது ஆயிரம் ரூபாயாலா, பஸ்ஸாலா? உதவிபெறும் பள்ளிப் பெண்ணும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறாள் என்பதால், அவளோடு ஒப்பிட்டால் பஸ்ஸின் பங்கு கழிந்துவிடும். ஆனால் 2021 முதல் பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் உண்டு. அதைக் கழிக்க அரசுப் பள்ளிப் பையன் வேண்டும். ஆக இரண்டு ஒப்பீடும் வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. பிகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பிகார்ப் பெண்களை அங்குள்ள பையன்களோடும், பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் உயர்வு அதிகம் என்றும் தெரிந்தது. அதோடு நிறுத்தாமல் தேர்வு எழுதியவர்களையும் பார்த்தார்கள். எழுதியவர்கள் 18 சதவீதம் கூடினார்கள், தேறியவர்கள் 12 சதவீதம்தான் கூடினார்கள். சேர்க்கைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் நான் நம் திட்டத்திலும் தேடுகிறேன். நியூயார்க் நகரின் கியூனி கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏஎஸ்ஏபி திட்டத்தில் பஸ், ரயில் பயணத்துக்கு உதவியோடு, தனியாக ஓர் ஆலோசகரும் உண்டு. சேர்ந்தவர்களில் 40 சதவீதத்தினர் மூன்று வருஷத்தில் பட்டயம் முடித்தார்கள். குலுக்கலில் வாய்ப்புக் கிடைக்காத அதே மாதிரிப் பிள்ளைகளில் முடித்தவர்கள் 22 சதவீதம். எந்தக் கூட்டத்தையும் நம்பவைக்கும் கணக்கு அது, ஏனென்றால் கிடைக்காதவர்களையும் எண்ணியிருக்கிறார்கள்.

மாநிலச் சராசரி வெம்பக்கோட்டைக்கு உதவாது. இங்கே காசு வருவதற்கென்று ஒரு பருவம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலையில் ஆள் போதாது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும், மழையில் மருந்து காயாது. கல்லூரியில் முதல் செமஸ்டர் தேர்வு வருவது சரியாக அந்தச் சமயம். சேர்க்கை நடக்கும்போது பள்ளியிலிருந்து போன் போட்டு, “பிள்ளைய எங்க சேத்துருக்கீங்க?” என்று கேட்டால், “தீவாளி முடியட்டும்னு பாக்கோம் சார்” என்று பதில் வருகிற ஊர் இது. தீபாவளி முடியும்போது சேர்க்கையும் முடிந்திருக்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தபிறகு வேலை நாள் குறைந்த வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் இறுகியது. இன்னொன்று வயது. பட்டாசு ஆலையில் 18 நிறையாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. பிளஸ் டூ முடிக்கும்போது பிள்ளைக்கு 17. கல்லூரி முதல் வருஷத்தின் நடுவில் எங்கோ ஆலைக் கதவு திறந்துவிடுகிறது. எண்ணோடு பிறந்த தேதியும் சேர்ந்தே இருக்கிறது. 18ஆம் பிறந்தநாளுக்குப் பின், தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதங்களில், இந்த ஒன்றியத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரின் வருகைப்பதிவு சரிகிறது என்று பார்த்தால், எந்த வாரத்தில் போய்ப் பேச வேண்டும் என்பது கல்லூரிக்கே தெரிந்துவிடும்.

தேடிப் போகிற வேலை தொடங்கியிருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள், பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளை எமிஸ் பட்டியலிலிருந்து எடுத்துக் கூப்பிட்டு, அந்த இடத்திலேயே சேர்க்கைக்கு வழி செய்கின்றன. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், வெடிவிபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசு ஏற்கும், அதற்கு ஆட்சியர் பொறுப்பில் 5 கோடி ரூபாய் நிதி என்று அறிவித்தார். விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் விடை இதே எண்ணுக்குள்தான் இருக்கிறது.

பெயரும் முகவரியும் வெளியே வர வேண்டியதில்லை, வரவும் கூடாது. சாதியும் வங்கிக் கணக்கும் சேர்ந்து கிடக்கிற பதிவு அது. கேட்பது எண்ணிக்கை மட்டும்.

2022இல் சேர்ந்த நம் பிள்ளைக்கு மூன்று வருஷப் பட்டப்படிப்பு 2025இல் முடிந்திருக்க வேண்டும். அவள் சிவகாசி ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரிக்குப் போயிருக்கலாம். பட்டாசில் சம்பாதித்த பணத்தில் 1968இல் எழுந்த கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரிக்கோ சாத்தூருக்கோ போயிருக்கலாம். எங்கே போயிருந்தாலும் அவள் முடித்தாளா, எத்தனை பேப்பர் பாக்கி, நடுவில் நின்றாளென்றால் எந்த மாதம் நின்றாள் என்பது யூமிஸில் அவள் எண்ணுக்கு எதிரே இருக்க வேண்டிய விவரம். உயர்கல்வித் துறையும் சமூக நலத்துறையும் ஒரு பக்க அட்டவணை ஒன்றை வெளியிடட்டும். ஒன்றியம் வாரியாக, 2022இல் சேர்ந்த அரசுப் பள்ளிப் பெண்கள், அதே வருஷத்து அரசுப் பள்ளிப் பையன்கள், உதவிபெறும் பள்ளிப் பெண்கள் என்று மூன்று வரிசை. சேர்ந்தவர், இரண்டாம் வருஷம் போனவர், பட்டம் வாங்கியவர் என்று மூன்று பத்தி. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு 2024இல் சேர்ந்த பையன்கள் 2027இல் முடிக்கும்போது நான்காவது வரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம். வெம்பக்கோட்டை ஒன்றியத்தின் வரியில் பட்டம் வாங்கியவர் எண்ணிக்கை மற்ற ஒன்றியங்களைவிடக் குறைவாக இருந்தால், ஆயிரத்தை ஆயிரத்து ஐந்நூறாக்குவதா, செமஸ்டர் கட்டணத்தைத் தீபாவளிக்கு முன்னால் வாங்குவதா, கல்லூரிக்கு ஓர் ஆலோசகரைப் போடுவதா என்று அப்போது வாதாடலாம்.